மாமன் சீர், மாமியார் கட்டில், அடகில் இருக்கும் ஆரம்

கேள்வி: எனக்கு 41 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். கணவர் சொந்தமாகச் சின்ன வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளி விலை எகிறியதிலிருந்து வேலை முன்போல் இல்லை. வீடு மாமனார் சம்பாதித்து வாங்கியது. 2014-ல் அவர் இறந்துவிட்டார், உயில் எதுவும் இல்லை. மாடியை 2018-ல் நாங்கள் 6 லட்சம் போட்டுக் கட்டினோம். இரண்டு வருடத்துக்கு முன்பு மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. எல்லாமே படுக்கையில்தான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான் ஒருத்தி. இன்றுவரை ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை.

கணவருக்கு ஒரே அக்கா. ஆத்தூரில் கொடுத்திருக்கிறார்கள். 2021-ல் அவர் மகளைக் காலேஜில் சேர்க்க, ஆறு மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்று கேட்டார். என் அம்மா வீட்டில் போட்ட 8 பவுன் ஆரத்தையும் வளையலையும் பேங்கில் வைத்து 2 லட்சம் கொடுத்தோம். வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைப்பது நாங்கள்தான். அந்தப் பெண்ணுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். தாய்மாமன் சீராக 5 பவுன் எதிர்பார்க்கிறார். ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்கு வந்தபோது அம்மா கட்டிலோரம் நின்று, "தலைகூட வாரி விடறதில்லையா?" என்றார். "வீட்டு முன்பக்கக் கடை வாடகை மாசம் ஆறாயிரம் வருதே, அது எங்க போகுது?" என்றும் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணவர் வாயே திறக்கவில்லை. அப்புறம் நான் கேட்டதற்கு, "எட்டாவதோட நின்னு பட்டறையில உட்காந்துதான் அக்கா என்னை ஐ.டி.ஐ. படிக்க வெச்சுது, விடு" என்கிறார். போன மாதம் எனக்குத் தெரியாமல் அக்காவுக்கு 15,000 ஜிபே பண்ணியிருப்பதையும் அவர் போனில் பார்த்தேன்.

அக்கா கல்யாணத்தில் 30 பவுன் போட்டாயிற்று. இப்போது வீட்டிலும் பங்கு கேட்பார் போலிருக்கிறது. மாமியாரை ஆத்தூருக்கு அனுப்பிவிடலாமா? சீர் செய்யாமல் விடலாமா? நகையை எப்படித் திருப்புவது? இனி அவரை வீட்டுப்படி ஏறவிடக் கூடாது என்றுகூடத் தோன்றுகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒருபக்கம் விழுந்துவிட்ட ஒருவரை இரண்டு வருடம் படுக்கைப்புண் இல்லாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும்தான். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால்கூட இடுப்புத் தோல் சிவந்துவிடும். செவிலியர் யாராவது உங்கள் மாமியாரின் முதுகைப் பார்த்தால், அந்த வீட்டில் யாரோ சரியாகத் தூங்குவதில்லை என்று புரிந்துகொள்வார். உங்கள் நாத்தனார் முதுகைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார். தாய்வீட்டுக்கு இரண்டு நாள் வந்து போகிற மகள்களுக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான் கண்ணில் படும். உங்களுக்கு அழுகை வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. எட்டாவதோடு நின்று பட்டறையில் உட்கார்ந்த அக்கா. அதை உங்கள் கணவர் சொல்கிற சாக்கு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சாக்காகத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக் கணக்கு தொடங்குகிற இடமே அதுதான் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கமெல்லாம் கொலுசு வீட்டுத் தொழில். முன்னறையில் பட்டறை, பின்னறையில் அடுப்படி. பெண்பிள்ளை சமையலுக்கும் எழுந்து போவாள், வந்து கொலுசுக்கும் உட்காருவாள். அவள் கையால் எத்தனை ஜோடி முடிந்தாலும் கூலி அப்பா கைக்குத்தான் போகும். அவள் பெயரில் ஒரு பாஸ்புக் இருந்திருக்காது. அப்படிப் பத்து வருடம் போல உழைத்த ஒருவருக்கு 30 பவுன் போட்டோம் என்பது நீங்கள் போடும் கணக்கு. நான் சம்பாதித்துக் கொடுத்ததில்தான் எனக்குப் போட்டார்கள் என்று அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டுமே பொய் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் இதுவரை பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே உங்கள் கணவர் அக்காவுக்குக் கடன்பட்டவர் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் கடனை அவர் தன் கைக்காசில் அடைக்கவில்லை. உங்கள் அம்மா வீட்டு நகையிலும் உங்கள் உழைப்பிலும் அடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் நன்றியோடு இருப்பதில் எனக்குக் குறை இல்லை, அதற்கு விலை கொடுக்கிறவர் நீங்கள் என்பதில்தான். நாத்தனாரிடம் பேசுவதற்கு முன்னால் இதை நீங்கள் கணவரிடம் பேசியாக வேண்டும். டி.வி. சீரியல்களில் வில்லத்தனமெல்லாம் நாத்தனார் தலையில் போய் விழும். நான் பார்த்த குடும்பங்களில் பாதிக்கு மேல், நடுவில் ஒரு ஆண் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நல்லவராகவும் இருப்பார், அதுதான் சங்கடமே.

அந்த 15,000 விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு சண்டைக்கு இழுக்காதீர்கள். "போனில் பார்த்தேன்" என்று நேராகவே சொல்லுங்கள். எதற்கு அனுப்பினார் என்பதைவிட ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி. சொன்னால் சத்தம் போடுவாள் என்று நினைத்திருப்பார். சத்தம் போடாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதோடு ஒரு ஏற்பாட்டுக்கும் வாருங்கள்: அவர் வருமானத்தில் மாதம் இவ்வளவு, ஆயிரமோ இரண்டாயிரமோ, அக்காவுக்காக அவர் இஷ்டப்படி. அதற்கு நீங்கள் கணக்குக் கேட்க வேண்டாம். அதைத் தாண்டி ஒரு ரூபாய் போனாலும் உங்களுக்குத் தெரிந்துதான் போக வேண்டும்.

அடுத்து வீடு. இதில் நீங்கள் கேட்க விரும்பாத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமனார் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் இறந்த வீடு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமம். மாமியாருக்கு மூன்றில் ஒன்று, கணவருக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று. பெண்ணுக்குச் சொத்து என்றதும் எல்லோரும் 1989-ல் தமிழ்நாட்டில் வந்த திருத்தத்தையும் 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தையும் சொல்வார்கள். அவை பூர்வீகச் சொத்துக்கு. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு உள்ள பங்கு 1956-லிருந்தே இருக்கிறது. கல்யாணத்தில் 30 பவுன் போட்டதால் அந்தப் பங்கு கழிந்துவிடாது. அவராக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தால்தான் போகும். ஆக அவர் பங்கு கேட்டால் அது பேராசை இல்லை, ஏற்கெனவே அவருடையதாக இருப்பதைத்தான் கேட்கிறார். அந்தக் கடை வாடகையிலும் சட்டப்படி பார்த்தால் அவருக்கு 2,000 உண்டு. கட்டிலோரம் நின்று, அழுகிற ஒருத்தியிடம் கேட்ட விதம் தப்பு. கேள்வி தப்பில்லை.

மாடிக்குப் போட்ட 6 லட்சத்துக்கு ரசீது, கான்ட்ராக்டரிடம் கொடுத்த கணக்கு, பேங்கில் பணம் எடுத்த பக்கம், எது கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். நாளைக்குப் பாகப்பிரிவினை வரும்போது மாடியை உங்கள் கணவர் பக்கம் ஒதுக்கும்படியோ, போட்ட பணத்தைக் கணக்கில் எடுக்கும்படியோ கேட்க அது வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அம்மா உயிரோடு இருக்கும்போதே அவர் பங்கை உங்கள் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைத்தால் போதும் என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவரிடம், மகளுக்குத் தெரியாமல் வாங்கும் பத்திரம் கோர்ட்டுக்குப் போனால், சுயநினைவோடு எழுதினாரா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பத்திரம் நிற்குமா என்பது அப்புறம். நீங்கள் இத்தனை நாள் செய்த பணிவிடை முழுவதையும் சொத்துக்காகச் செய்தாள் என்று ஒரே வரியில் ஊர் மாற்றிவிடும். அந்தப் பக்கமே போகாதீர்கள். அவராக, தெளிவான நினைவோடு, மகளுக்கும் தெரிய ஏதாவது செய்ய நினைத்தால் அது வேறு.

சீர் விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்குச் சொத்தில் பங்கு என்ற பேச்சே இல்லாத காலத்தில் வந்த வழக்கம் இது. நிலமும் வீடும் மகனுக்கு, மகளுக்கு நகையும் ஆயுசு முழுக்கத் தாய்வீட்டுச் சீரும். தலைதீபாவளியில் தொடங்கும். வளைகாப்பு, காதுகுத்து, அவள் மகள் பெரியவளானால் குடிசை கட்டிப் பச்சை ஓலைச் சீர், கடைசியில் அந்த மகளின் கல்யாணம் வரை தாய்மாமன் தட்டு ஏந்தி வர வேண்டும். பங்குக்குப் பதிலாகத் தவணை முறையில் கொடுத்தது என்றே நான் இதைப் பார்க்கிறேன். சட்டம் மாறியது. சீர் நிற்கவில்லை. நிற்காததோடு, இப்போது மேளமும் டிரோன் கேமராவும் வைத்து, தெருவை அடைத்து நூற்றுக்கணக்கில் தட்டு தூக்கி வருகிறார்கள். கடன் வாங்கித் தட்டு நிரப்புகிற மாமன்கள் எத்தனையோ பேர். ஃபிளெக்ஸ் பேனரில் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் இன்றைக்கு ஒரு அக்காவுக்குச் சீரும் வேண்டியிருக்கிறது, பங்கும் இருக்கிறது. தம்பி வீட்டில் இருக்கிறவளுக்கு இது இரட்டை வசூலாகத் தெரிகிறது. இதை வாய்விட்டுப் பேசுகிற வீடு குறைவு. நீங்கள் பேசலாம், இப்போது இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற நேரத்தில் "சீர் வேணுமா, பங்கு வேணுமா?" என்று கேட்டால் அந்த வார்த்தை இருபது வருடத்துக்கு நிற்கும். சீரை உங்கள் சக்திக்குச் செய்யுங்கள், பங்கை வேறொரு நாள் பேசுங்கள்.

செய்யாமல் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தப் பெண் உங்கள் கணவருக்கு மருமகள் முறை. மாமன் மாலையில்லாமல் அவள் மணவறையில் உட்கார்ந்தால் அந்தக் குறை அவள் அம்மாவுக்குப் போகாது, அவளுக்குத்தான் போகும். ஆனால் 5 பவுன் முடியாது. இன்றைய விலையில் அது உங்கள் நகைக்கடனையே தாண்டிவிடும். ஒரு பட்டு, மாலை, பழத்தட்டு, அரைப் பவுனில் ஒரு மோதிரமோ தோடோ போதும். உங்கள் கணவர் கையாலேயே ஒரு ஜோடி கொலுசு அடித்துக் கொடுக்கட்டுமே. செவ்வாய்ப்பேட்டை மாமன் கொலுசு கொண்டுவந்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? சொன்னால் சொல்லட்டும்.

இரண்டு யோசனைகள் இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் எழும். இரண்டையும் வெட்டி விடுங்கள். முதலாவது: "அதான் 2 லட்சம் கொடுத்திருக்கோமே, அதையே சீரா வெச்சுக்கச் சொல்லிடலாம்." கேட்க நியாயமாக இருக்கும். கடன் நாலு சுவருக்குள் கொடுத்தது, சீர் மண்டபத்தில் நாலு பேர் முன்னால் வைப்பது. கழித்துக்கொண்டால் அன்றைக்குத் தட்டு காலியாக இருக்கும். தம்பி வெறும் கையோடு வந்தான் என்று பேச்சாகும், கடனும் போய்விடும். அதைவிட முக்கியம், அந்த ஆரம் உங்கள் கணவருடையதே இல்லை. தாய்வீட்டில் ஒரு பெண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கு மட்டுமே சொந்தம், கணவனுக்கு அதில் கூட்டுரிமை கிடையாது. உச்ச நீதிமன்றம் 1985-லும் சொல்லியிருக்கிறது, 2024-லும் சொல்லியிருக்கிறது. உங்கள் பொருளை அவர் அக்காவுக்குச் சீராக விட முடியாது.

இரண்டாவது யோசனை பட்டறை நண்பர்கள் வழியாக வரும்: "தங்கம் ஏறிப்போச்சு, அதே நகை மேல இன்னும் ரெண்டு மூணு லட்சம் வாங்கலாமே." வாங்க முடியும் என்பது உண்மை. 2021-ல் 2 லட்சத்துக்கு வைத்த 8 பவுனுக்கு இன்று பேங்க் தாராளமாகக் கூடுதலாகக் கொடுக்கும். ஆனால் வாங்கக் கூடாது. அதனால் திருப்பி வைக்கிற அன்றைக்கு உங்கள் கணவர் தனியாகப் போக வேண்டாம், நீங்களும் போங்கள். அடகுச் சீட்டை நீங்கள் வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள். அதே நாளில் இன்னொன்றும் செய்யலாம். ஆரமும் வளையலும் ஒரே கடனில் இருந்தால், மறுபடி வைக்கும்போது இரண்டு தனிக் கடனாகப் பிரித்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் பணம் வந்ததும் வளையலையாவது முதலில் மீட்டுவிடலாம். மொத்தமாக 2 லட்சம் சேரட்டும் என்று காத்திருந்தால் சேராது.

நாத்தனாரிடம் அசலை இப்போது கேட்காதீர்கள். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு யாராலும் 2 லட்சம் எடுத்துத் தர முடியாது. கேட்டால் வாக்குவாதம்தான் வரும். வட்டியைக் கேளுங்கள். 9 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 18,000, மாதம் 1,500. இதற்கு முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மாதா மாதம் அந்த 1,500 உங்கள் கணக்குக்கு, கணவர் கணக்குக்கு இல்லை, உங்கள் கணக்குக்கு, வரட்டும். கல்யாணம் முடிந்து சித்திரையிலிருந்து அசலில் கொஞ்சம் கொஞ்சமாக. இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது அவசியம். சொந்தத்துக்குள் எழுத்தா என்று தயங்க வேண்டாம். கைமாற்றுக் கடனுக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது காலவரையறைச் சட்டம். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஆனால், இவ்வளவு பாக்கி இருக்கிறது, இப்படித் திருப்பித் தருகிறேன் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி அது புதிய வாக்குறுதியாகச் செல்லும். கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. எழுதி வைத்த கடனை மறப்பது கஷ்டம், அதற்காகத்தான்.

யார் பேசுவது? உங்கள் கணவர். நீங்கள் இல்லவே இல்லை. நீங்கள் பேசினால் வந்தவள் பேசுகிறாள் என்று ஆகிவிடும். போனில் வேண்டாம், மாமியார் காதில் விழவும் வேண்டாம். அவருக்கு வாய் குழறலாம், காது நன்றாகவே கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்தூருக்குப் போய், அக்காவும் மாமாவும் இருக்கும்போது பேசட்டும். இப்படி ஆரம்பிக்கலாம்: "அக்கா, நீ எனக்குச் செஞ்சது எதையும் நான் மறக்கலை. சீர் கண்டிப்பா செய்வேன், என் சக்திக்கு எவ்வளவோ அவ்வளவு. அஞ்சு பவுன் என்னால முடியாது. அவ நகை நாலு வருஷத்துக்கு மேல பேங்க்ல கிடக்கு. அது அவங்க அம்மா போட்டது. அதுக்கு வட்டியை மட்டும் இந்த மாசத்துல இருந்து நீ கட்டு." முதல் வரியை அவர் விட்டுவிடக் கூடாது. தம்பி மறந்துவிட்டான் என்ற ஆதங்கம்தான் 5 பவுனாகவும் வாடகைக் கேள்வியாகவும் வெளியே வருகிறது என்று எனக்குப் படுகிறது. அதை ஒருமுறையாவது வாயால் கேட்டால் பவுன் தானாகக் குறையும்.

வாடகைக் கேள்விக்குப் பதில் நோட்டில் இருக்கட்டும். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, அம்மாவுக்கு ஆகிற செலவை மட்டும் எழுதுங்கள். டயப்பர் ஒன்று 35 ரூபாய், நாளைக்கு மூன்று என்றால் அதுவே மாதம் 3,150. மாத்திரை, இயன்முறை மருத்துவர், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. மூன்று மாதம் எழுதினாலே 6,000 எங்கே போகிறது என்பதும், உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதும் தெரிந்துவிடும். அதை நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் குத்திக்காட்டாதீர்கள். அடுத்த முறை வரும்போது கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருக்கட்டும்.

மாமியாரை ஆத்தூருக்கு அனுப்புவது சரிவராது. அவருடைய மருத்துவர் இங்கே, பழகிய அறை இங்கே. கோபத்தில் அனுப்பி, பத்தே நாளில் புண்ணோடு திரும்பி வந்தால் பார்க்கப்போவதும் நீங்கள்தான். அதற்குப் பதிலாக மகளை இங்கே வரவழையுங்கள். வாழப்பாடி வழியாக ஒன்றரை மணி நேர பஸ் பயணம். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு அவர் வந்து இருக்கட்டும், நீங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள். இது ரொம்ப முக்கியம். நீங்கள் வீட்டில் இருந்தால் அவர் விருந்தாளி, சமையலும் உங்கள் தலையில் விழும். நீங்கள் இல்லாவிட்டால்தான் அவர் மகள். ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, விடிந்ததும் அம்மாவுக்குத் தலை வாரவும் அவருக்கு நேரம் கிடைக்கிறதா என்று பார்க்கட்டும். இதைப் பழிவாங்கலாகச் சொல்லவில்லை. அவருக்கும் அம்மாவோடு தனியாக இருக்க ஆசை இருக்கலாம், உங்கள் வீட்டில் அதற்கு இடம் கிடைத்திருக்காது.

பெற்றோரைப் பராமரிக்கும் கடமை பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகனும் மகளும், பேரன் பேத்தியும். மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் தாயார் மனுக் கொடுத்தால் மகன், மகள் இருவரிடமிருந்தும் மாதம் 10,000 வரை வாங்கித் தர அதில் வழி உண்டு. திருமணமான மகளுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. இதை எடுத்துக்கொண்டு போய் யாரையும் மிரட்ட வேண்டாம். நீங்கள் செய்வது உங்கள் கடமையில் குறையாகச் செய்வதல்ல, இன்னொருவர் கடமையைச் சேர்த்துச் செய்வது. அது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அடுத்த முறை "தலை வாரலையா?" என்று கேட்டால் அழுகை வராது. "சீப்பு அந்த ஜன்னல்ல இருக்கு அண்ணி, வாரி விடுங்க" என்று சாதாரணமாகச் சொல்ல வரும்.

இயன்முறை மருத்துவருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தால், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதியச் சொல்லுங்கள். 2021 முதல் நடக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பார்கள், பிரஷர், சர்க்கரை மாத்திரையும் வரும். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் எழுதிப் போடுங்கள். கடும் பாதிப்பு என்று மருத்துவர் சான்று கொடுத்தால் மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். உங்கள் முதுகையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். ஆளைத் தூக்குகிற விதம் ஒன்று இருக்கிறது. இயன்முறை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பங்கு விஷயத்தை கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று மாதம் போனபின் நீங்களே எடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்குவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச ஆலோசனை உண்டு. அக்கா, தம்பி இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துச் சமரசம் பேசவும் ஏற்பாடு செய்வார்கள். உங்கள் நாத்தனாரும் பெண்தான், அவரும் அதே இடத்தில் இலவசமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புங்கள். ஒரே இடத்தில் ஒரே பதிலை இருவரும் கேட்டால் பாதி சந்தேகம் தீரும்.

வீட்டுப்படி ஏறவிடக் கூடாது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்தப் படியில் மூன்றில் ஒன்று அவருடையது, உள்ளே படுத்திருப்பது அவர் அம்மா. நீங்கள் போட வேண்டிய பூட்டு பீரோவுக்குத்தான். கணவரோடு பேசிவிட்டு, அடகுச் சீட்டில் கடனைத் திருப்பி வைக்க வேண்டிய தேதி என்ன போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தைக்கு முன்னால் அந்தத் தேதி வருகிறது என்றால் ஆத்தூர் பேச்சை அதற்கும் முன்னால் முடித்தாக வேண்டும்.